அமராவதிநகர் சைனிக் பள்ளிக்குப் பிள்ளையைத் தயார்செய்யும் முறை

உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியில் (ராணுவ அதிகாரிப் பணிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளி) ஆறாம் வகுப்பில் சேர, சேர்க்கை ஆண்டின் மார்ச் 31 அன்று பிள்ளைக்கு 10 முதல் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். நுழைவுத் தேர்வின் 300 மதிப்பெண்களில் 150 கணிதத்துக்கே உரியவை என்பதால், பயிற்சி நேரத்தில் பாதியைத் தயங்காமல் அதற்கு ஒதுக்குங்கள். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் பள்ளியின் பயிற்றுமொழி ஆங்கிலம்.

தேர்வைவிட விடுதி வாழ்க்கைக்குப் பழகுவதே கடினம் என்பது என் கருத்து. விடியற்காலை உடற்பயிற்சி, வகுப்பு, மாலை விளையாட்டு, இரவில் மேற்பார்வையில் தனிப்படிப்பு என்று மணியோசைக்கேற்ப நகரும் நாளில், எதையும் ஆற அமரச் செய்து பழகிய பிள்ளைதான் முதலில் திணறும். ஆகவே சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அதிகாலையில் எழுந்து ஓடவும், தன் துணியைத் தானே துவைத்து மடிக்கவும், ஷூவின் தையலோரத்தில் படிந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பிறகே பாலிஷ் போடவும் (அம்மா எட்டிப் பார்க்காமல் இருந்தால் நல்லது) பழக்குங்கள்.

மைதானத்திலிருந்து களைத்து வருபவனுக்குத் தனிப்படிப்பு நேரத்தில் கண் சொக்கும். உட்கார்ந்து வாசிக்கும் பாடத்தைப் பின்னுக்குத் தள்ளி, கையில் பேனாவுடன் கணக்குகளை முதலில் போடச் சொல்லுங்கள்.