நூல் வாங்கியாயிற்று, என்ன பின்னலாம்?

குறிஞ்சிப்பாடிப் பக்கம் லுங்கித் தறிகளில் மிஞ்சிய பருத்திச் சிட்டம் (சுற்றிக் கட்டிய நூற்கட்டு) மலிவாகக் கிடைத்தால் யாருக்குத்தான் கை நிற்கும்! வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எடை போடுவது. எடை தெரிந்தால் நீளமும் தெரியும்: நூலின் நம்பரை (நூல் எவ்வளவு மெலிது என்று காட்டும் எண்) 169 ஆல் பெருக்கினால் 100 கிராமில் எத்தனை மீட்டர் என்று தெரியும். 20-ஆம் நம்பர் ஒற்றை இழை என்றால் ஏறத்தாழ 3,380 மீட்டர்; இரட்டை இழையாக முறுக்கியது என்றால் அதில் பாதி. துண்டா, கைக்குட்டையா என்பதை இந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும், நம் ஆசை அல்ல.

நெய்வதற்கு, ஸ்கேலில் ஓர் அங்குல அகலத்துக்கு நூலை நெருக்கிச் சுற்றி எண்ணுங்கள். சாதா நெசவுக்கு, பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளுக்கு) அங்குலத்துக்கு அதில் பாதி இழைகள் போதும். இழுத்ததும் பட்டென்று அறுகிற நூலை ஊடைக்கு (குறுக்கே ஓடும் இழைக்கு) ஒதுக்கிவிடுங்கள். தறியில் வீணாகும் பாவு நுனிகளையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

பின்னலுக்கு உள்ளங்கை அளவு மாதிரி பின்னி, துவைத்து, நன்றாகக் காய்ந்தபின் அளந்து பாருங்கள். கடலூர்க் காற்றின் ஈரத்தில் ஒரு நாள் கூடுதலாக ஆகலாம். அடர் சிவப்பு, நீலம் என்றால் நனைந்த வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்றும் பாருங்கள். கம்பளி நூலா? நம் ஊர் வெயிலில் அதை யார் போடுவது! ஊட்டியில் உறவினர் இருந்தால் தொப்பி பின்னி அனுப்பலாம்.