பழைய காருக்கு ஃபியூஸ் வாங்கும்போது: லூகாஸ் 35 என்றால் எத்தனை ஆம்பியர்?

பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனியின் பழைய கண்ணாடி ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னக் காகிதத் துண்டு தெரியும், அதில் 35 என்று அச்சடித்திருக்கும். மோரிஸ் மைனர், எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் இருப்பது இதுதான். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த நம்ம அம்பாசடர் வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடைக்குப் போய் 35 கொடுங்கள் என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் அமெரிக்க வகைக் கண்ணாடி ஃபியூஸைத்தான் எடுத்துக் கொடுப்பார், பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கிளிப்பிலும் உட்காரும். ஆனால் அதைப் போடக்கூடாது.

ஏனென்றால் லூகாஸ் போட்ட 35 என்பது ஃபியூஸ் எரிந்து போகும் அளவு. அது தொடர்ந்து தாங்குவது பாதிதான், சுமார் 17 ஆம்பியர். ஏஜிசி எனப்படும் அந்த அமெரிக்கக் கண்ணாடி ஃபியூஸில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. இன்றைய கார்களில் இருக்கும், இரண்டு தட்டைக் கால் கொண்ட பிளேடு ஃபியூஸும் அப்படித்தான். ஆக, ஏஜிசி 35 போட்டால் அந்த இடத்துக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு போட்டுவிட்டீர்கள். பாக்கெட்டில் 17 தொடர்ச்சி, 35 எரியும் அளவு என்று இரண்டு எண்ணும் இருந்தால் தைரியமாக வாங்கலாம், வெறும் 35 மட்டும் இருந்தால் எந்தக் கணக்கு என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

இரண்டு மடங்கு போட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஹாரனோ வைப்பர் மோட்டாரோ கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம், டேஷ்போர்டுக்குப் பின்னால் கட்டுக்கட்டாகப் போகும் வயரிங் உருகினால் கார் முழுவதையும் பிரிக்க வேண்டும், தீப்பிடித்தால் பிரிக்கக் கார் இருக்காது. பிரிட்டிஷ் அளவில் 2 ஸ்கொயர் எம்எம் வயர், அதாவது 0.30 மி.மீ. இழை 28 கொண்டது, 17.5 ஆம்பியர் தாங்கும். 1 ஸ்கொயர் எம்எம் என்றால் 8.75தான். அந்த 17.5 ஆம்பியர் வயருக்கு முன்னால் ஏஜிசி 35 உட்கார்ந்திருந்தால், 30 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் அசையாது, வயர்தான் வேகும். எரிந்த ஃபியூஸ் மேல் செம்புக் கம்பி சுற்றிவிடும் பழக்கம் இதைவிட மோசம், யார் செய்து கொடுத்தாலும் வண்டியை எடுக்கும் முன் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

சரி, எத்தனை போடுவது? அந்த ஃபியூஸ் வழியாக ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள். லூகாஸ் வயரிங்கில் பச்சை வயர் என்றால் இக்னிஷன் போட்ட பிறகு ஃபியூஸ் வழியாக வரும் மின்சாரம், ஊதா என்றால் எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸ் லைன், பழுப்புக்கும் வெள்ளைக்கும் ஃபியூஸ் கிடையாது. பச்சை லைனை எடுத்துக்கொள்வோம். பிரேக் லைட் 21 வாட் இரண்டு, 42 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 3.5 ஆம்பியர். இன்டிகேட்டர் ஒரு பக்கத்துக்கு இன்னொரு 3.5. வைப்பர் சுமார் 3. மொத்தம் 10. ஃபியூஸின் அளவில் முக்கால் பங்குக்கு மேல் தொடர்ந்து ஓடக்கூடாது என்பது நல்ல வழக்கம், 10-ஐ 0.75-ஆல் வகுத்தால் 13 சொச்சம் வரும், அதனால் ஏஜிசி 15. ஹீட்டர் ஃபேன் போன்றவையும் அதே லைனில் இருந்தால் 20 வரை போகலாம், 20-ஐத் தாண்டவே வேண்டாம். 20 போடும் முன் அந்த லைனில் இருக்கும் வயர் எல்லாம் 2 ஸ்கொயர் எம்எம்தானா, நடுவில் யாராவது மெல்லிய வயரை ஒட்டுப்போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 6 வோல்ட் கார் என்றால் அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும், கணக்கை 6-ஆல் வகுத்துப் போடுங்கள்.

ஹெட்லைட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எம்ஜிபி, மைனர் இரண்டிலும் கம்பெனி வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. 60/55 வாட் பல்பு மாட்டியிருந்தால் ஹை பீமில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர். இடது வலது தனித்தனியாக 7.5 அல்லது 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் சேர்த்துவிடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று போட்டால், ராத்திரி ஹைவேயில் அது போகும்போது இரண்டு கண்ணும் ஒன்றாகப் போய்விடும்.

அளவையும் பாருங்கள். ஏஜிசி 6.3 மி.மீ. தடிமன், 32 மி.மீ. நீளம். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 20 மி.மீ. கண்ணாடி ஃபியூஸ் கிளிப்பில் நிற்காது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், பழைய மெர்சிடிஸ், ஃபியட் எல்லாம் வேறு ஜாதி: இரண்டு முனையும் கூம்பாக, உலோகப் பட்டை வெளியே தெரியும் 25 மி.மீ. ஃபியூஸ். அதில் குழப்பமில்லை, மஞ்சள் 5, வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25, எல்லாம் தொடர்ந்து தாங்கும் அளவுதான், அதே நிறம் வாங்கினால் போதும். பிளாஸ்டிக் உடம்பு உள்ளதை விட்டுவிட்டுப் பீங்கான் உடம்பு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், முனை சூடானால் பிளாஸ்டிக் இளகி, ஸ்பிரிங் பிடி தளர்ந்துவிடும்.

புதியதை மாட்டும் முன் எரிந்ததைப் பாருங்கள். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசினாற்போலவோ இருந்தால் எங்கேயோ வயர் பாடியில் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. கம்பி மட்டும் நடுவில் உருகியிருந்தால் லோடு அதிகம். முனையில் ஈயம் உருகியிருந்தால் கிளிப்தான் குற்றவாளி: பச்சை பூத்த கிளிப் மின்சாரத்தைத் தடுத்துச் சூடாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, மெல்லிய எமரி தாளால் தேய்த்து, கிளிப்பை லேசாக உள்ளே அழுத்திப் பிடி ஏற்றுங்கள். ஷார்ட் என்று சந்தேகம் இருந்தால் ஃபியூஸ் போட்டுப் போட்டு எரிக்க வேண்டாம், பேட்டரியை மறுபடி மாட்டி, ஃபியூஸ் இருந்த இரண்டு கிளிப்புக்கு நடுவில் ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பை இணைத்து, அந்த லைனில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில் தேடுங்கள்.

கடைசியாக, ஃபியூஸ் பெட்டியில் ஸ்பேர் வைக்கும் இடத்தில் முந்தைய ஓனர் வைத்த 35, 50 எல்லாம் கிடக்கும். அவற்றை எடுத்துவிட்டு, நீங்கள் கணக்குப் போட்ட அதே அளவில் இரண்டு வையுங்கள். மூடியின் உள்பக்கம் எந்த லைனுக்கு எத்தனை என்று எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்து கை வைக்கும் மெக்கானிக்குக்கு உதவும்.