ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) காரின் பிளாஸ்டிக் பாகங்கள் சீக்கிரம் உடையாமல் இருக்க

சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் ஆர்ம் ஒன்று உடைந்ததும் பலர் நேராக அலுமினிய ஆர்முக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவசரப்பட வேண்டாம். ஆர்ம் வளைந்து கொடுத்து அடியை வாங்கிக்கொள்வதற்காகத்தான் பிளாஸ்டிக்கில் செய்கிறார்கள். அலுமினியம் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும், வளையாவிட்டால் அந்த அடி அப்படியே உள்ளே ஆர்ம் மாட்டியிருக்கும் பல்க்ஹெட்டுக்கோ, அடித்தளமான சேஸிஸுக்கோ போகும், அதை மாற்ற பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். ஆகவே பிளாஸ்டிக்கை விறைப்பாக்கப் பார்க்காதீர்கள், இன்னும் கொஞ்சம் வளைய வையுங்கள்.

அதற்கு வெந்நீர் போதும். ஆர்ம், பம்பர், ஹப் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) போன்றவை பெரும்பாலும் நைலான், நைலானுக்குத் தண்ணீரை உறிஞ்சும் குணம் உண்டு. அச்சிலிருந்து வெளியே வரும்போது அதில் ஈரம் ஏறக்குறைய இருக்காது, அதனால்தான் புத்தம் புது ஆர்ம் சில நேரம் முதல் மோதலிலேயே படக்கென்று முறிகிறது. நீர் உள்ளே போனால் நைலான் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையிலுள்ள பிடிப்பு தளரும். விறைப்பு குறையும், அடி தாங்கும் தன்மை கூடும். சும்மா வைத்திருந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்தான், ஆனால் தடிமனான பாகம் என்றால் மாதக்கணக்கில் ஆகும்.

முதலில் அது நைலான்தானா என்று பாருங்கள். பல பாகங்களின் உட்பக்கத்தில் பிளாஸ்டிக்கின் வகை பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். பிஏ, பிஏ6, பிஏ66 என்றால் நைலான். பிஓஎம் என்றால் அசிட்டால், அது தண்ணீரை அவ்வளவாக ஏற்காது, கொதிக்க வைத்துப் பயனில்லை. ஏபிஎஸ் பாகத்தைக் கொதிநீரில் போடவே கூடாது, கோணலாகிவிடும். மோட்டாரோடு சேர்ந்து சுழலும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரையும் விட்டுவிடுங்கள். நைலான் நீரேறினால் லேசாகப் பருக்கும், பற்கள் பொருந்துவது மாறிவிடும்.

பேரிங், ஹின்ஜ் பின் (ஆர்ம் ஆடுவதற்கான கம்பி), பால் ஸ்டட் (உருண்டைத் தலைத் திருகு) என்று உலோகம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பாகத்தைக் கழுவி, கிராம் தராசு இருந்தால் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சமைக்கப் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்துப் போடுங்கள், பாகம் அடியில் ஒட்டாதபடி கீழே ஒரு கம்பி வலை இருக்கட்டும், ஒன்றன்மேல் ஒன்று அழுத்தவும் கூடாது, ஏனென்றால் சூட்டில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வளைந்துவிடும். 20 முதல் 30 நிமிடம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே ஆற விடுங்கள். துடைத்து மறுபடி எடை போட்டால் கூடியிருக்கும், உள்ளே போன நீர்தான் அது. அப்புறம் ஈரத்துணியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு நாள் மூடி வைத்தால் மேற்பரப்பிலுள்ள ஈரம் உள்வரை பரவும்.

திரும்ப மாட்டும்போது ஹின்ஜ் பின் இறுக்கமாக இருக்கலாம். சுத்தியலால் தட்ட வேண்டாம். அதே அளவு ட்ரில் பிட்டை விரலால் சுற்றித் துளையைச் சரி செய்யுங்கள், அதிர்வு தாங்கும் ஷாக்கைக் கழற்றிய நிலையில் ஆர்ம் தன் எடையில் தானாக விழ வேண்டும், அதுதான் சரியான அளவு. வறண்ட இடத்தில் வைத்திருந்தால் நீர் மெல்ல வெளியேறிவிடும், அப்போது மறுபடி செய்துகொள்ளலாம்.

வண்டியின் மேல்கூடான பாடி ஷெல் வேறு கதை. அது பாலிகார்பனேட், கொதிநீர் வேண்டாம். வெட்டிய விளிம்பில் இருக்கும் சின்னப் பிசிறிலிருந்துதான் விரிசல் கிளம்பும், அதனால் நைசான உப்புத்தாளால் விளிம்பு முழுவதையும் வழவழப்பாக்குங்கள். வீல் ஆர்ச், முன் மூலைகள், ஷெல்லைத் தாங்கும் பாடி போஸ்ட் கம்பங்களுக்கான துளைகள் ஆகியவற்றின் உட்பக்கத்தில் கண்ணாடியிழை வலை டேப் ஒட்டி, அதன்மேல் ஷூ கூ மாதிரி காய்ந்த பின்னும் ரப்பர்போல வளையும் பசையை மெல்லியதாகத் தடவி, முழுதாகக் காய விடுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் நுனியில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பசைக்கு அடியிலேயே அது ஓடிக்கொண்டிருக்கும். அசிட்டோன், மோட்டார் கிளீனர் இரண்டும் ஷெல் பக்கமே வரக்கூடாது. த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) உலோகத்தில் உலோகம் திருகும் இடத்துக்கு மட்டும், ஏபிஎஸ், பாலிகார்பனேட் மேல் பட்டால் வெடிப்பு விடும்.

கடைசியாக ஸ்க்ரூ. பிளாஸ்டிக்கில் திருகும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள், பழைய மரையில் ‘டக்’கென்று இறங்குவது கையில் தெரியும், அதற்கப்புறம் வலப்பக்கம் திருப்புங்கள். இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் புது மரை வெட்டித் துளை பெரிதாகாது. தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். துளை ஏற்கெனவே தேய்ந்திருந்தால், உள்ளே இடமிருக்கும் பட்சத்தில் கொஞ்சம் நீளமான ஸ்க்ரூ போடலாம். இடமில்லாவிட்டால் சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, அது முழுதாக இறுகிய பிறகு மட்டும் திருகுங்கள்.