வரப்பில் இருப்பது யார்? தவளையும் பாம்பும் வகை பிரிக்கும் வழி

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பாமணியாற்றுப் பாசனத்தில் எங்களுக்கு எட்டு மா நிலம். அங்கே கண்ணில் படுகிற தவளை, ஓணான், பாம்பு எல்லாவற்றையும் பன்னிரண்டு வருஷமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு செத்த பாம்பு.

அன்றைக்குக் கார்த்திகை மாத ராத்திரி. குறுவை நெல்மூட்டை அடுக்கியிருந்த திண்ணையில் பட்டை பட்டையாக ஒன்று ஊர்ந்தது. "கட்டுவிரியன்" என்று யாரோ கத்த, என் கணவர் அடித்துவிட்டார். காலையில் குனிந்து பார்த்தேன். பழுப்பு உடம்பு; வெள்ளைப் பட்டைகள் கழுத்தருகே பளிச்சென்று தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கியிருந்தன. கட்டுவிரியனுக்கு இது நேர் தலைகீழ். தலையை ஒட்டிப் பட்டை இருக்காது, இருந்தாலும் மங்கல்தான். பின்னால் போகப் போகத்தான் தெளியும், பெரும்பாலும் இரட்டை இரட்டையாக. நாங்கள் அடித்தது வெள்ளிக்கோல் வரையன். விஷமே கிடையாது, சுவர்ப் பல்லியைத் தேடி வீட்டுக்குள் வருகிற பிராணி. அந்த வருத்தம்தான் என்னை எழுத வைத்தது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? உருவத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். முதலில் தோலைப் பாருங்கள். செதில் இல்லாத தோலாக இருந்தால் இருவாழ்வி. செதில் போர்த்தியிருந்தால் ஊர்வன. அடுத்து விரல் நுனி: ஓணானுக்கும் ஆமைக்கும் நகம் உண்டு, நம் தவளைகளுக்குக் கிடையாது. மூன்றாவது முட்டை. தவளை முட்டைக்கு ஓடில்லை, வழவழவென்ற கூழுக்குள் கிடக்கும். அதனால்தான் ஈரத்தை விட்டுத் தவளையால் போக முடிவதில்லை. ஊர்வனவற்றின் முட்டைக்குத் தோல்போன்ற உறையோ கெட்டியான ஓடோ உண்டு. மண்ணிலும் மட்கிய குப்பையிலும் இட்டாலும் காயாது.

உலகத்தில் எட்டாயிரத்துக்கு மேல் இருவாழ்விகள் உண்டு. அவற்றை மூன்று வரிசையாக வைக்கிறார்கள். வாலுள்ள வரிசையைப் பார்க்க நீங்கள் டார்ஜிலிங் மலைப் பக்கம் போக வேண்டும். காலே இல்லாமல் மண்புழுபோல வளையம் வளையமாக இருக்கும் வரிசை மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்தில் வாழ்கிறது. நம் வயலில் தேட வேண்டியது மூன்றாவதான தவளை வரிசையை. பத்து இருவாழ்விகளில் ஏறக்குறைய ஒன்பது இந்த வரிசைதான்.

தவளை பார்க்க ஐப்பசி அடைமழை ராத்திரிதான் தோது. கம்பூட்ஸ் போடுங்கள், நல்ல டார்ச் எடுங்கள், கூட ஒரு ஆள் இருக்கட்டும். முதலில் வரப்பில் நின்று செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வகைக்கு ஒரு குரல் உண்டு. பழகிவிட்டால் கண் எதற்கு என்று தோன்றும். அப்புறம் வெளிச்சம் அடித்து மூன்று இடத்தைப் பாருங்கள்: கண்ணுக்குப் பின்பக்கம், விரல் நுனி, பின்னங்கால்.

கண்ணுக்குப் பின்னால் அவரைவிதைபோல ஒரு வீக்கமும், உடம்பெல்லாம் கருநுனிக் கொப்புளமும் இருந்தால் சொறித்தவளை. அந்த வீக்கத்தில் சுரக்கும் பால் கண்ணில் பட்டால் எரியும், ஆனால் தொட்டால் மரு வராது. முட்டையை நூலில் கோத்த கருமணிபோல நீளமாக இடும். விரல் நுனியில் வட்டத் தட்டு இருந்தால் மரத்தவளை. பின்னங்கால் விரல்கள் முழுக்கச் சவ்வால் இணைந்து, காலடி கேட்டதும் தண்ணீர்மேலேயே தத்தித் தத்தி ஓடுவது வாய்க்கால் தவளை. வாய் சின்னதாகவும் உடம்பு பந்துபோலவும் இருந்தால் பின்குதிகாலைப் பாருங்கள். மண்வெட்டி முனைபோல ஒரு கெட்டி விளிம்பு இருக்கும்; அதை வைத்துப் பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். தன் வாயால் கெடும் என்று நாம் சொல்கிற நுணல் என்பது இப்படி மண்ணுக்குள் வாழ்கிற தவளைதான். பெரிய மஞ்சள் தவளை ஒன்று கழுத்தின் இருபுறமும் நீலப் பை உப்பக் கத்தினால், அது இணை தேடுகிற ஆண் எருமைத்தவளை. ஒரு காலத்தில் அதன் கால்களை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தார்கள். 1987-இல் அரசு தடை போட்டது.

மரத்தவளைக் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மோட்டார் கொட்டகைத் தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சோப்பு நுரை அப்பியதுபோல ஒன்று இருந்தது. யாரோ துணி துவைத்திருக்கிறார்கள் என்று கழுவிவிடப் போனேன். கிட்டே போனால் நுரைக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டைகள். பெண் தவளை தன் சுரப்பைப் பின்னங்கால்களால் மோர் கடைவதுபோல அடித்துச் செய்த நுரை அது. மேல்பக்கம் அப்பளம்போலக் காய்ந்து போனாலும் உள்ளே ஈரம் மாறவில்லை. நாலைந்து நாளில் அடிப்பக்கம் இளகி, தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தொட்டித் தண்ணீரில் சொட்டின. இப்படி நுரை கண்டால் தொட்டியை ஒரு வாரம் கழுவாமல் விடுங்கள்.

ஊர்வன பன்னிரண்டாயிரம் வகைக்கு மேல் இருக்கின்றன, வரிசை நான்குதான். ஒன்று நியூசிலாந்தில் மட்டும் வாழ்கிற துவாட்டரா. அதை விட்டுவிடலாம். ஆமையில் காலைப் பாருங்கள்: துடுப்பாக இருந்தால் கடலாமை. தையிலிருந்து பங்குனி வரை நாகப்பட்டினம் கரையில் முட்டையிட வருவதைப் பங்குனி ஆமை என்றே மீனவர்கள் சொல்வார்கள். குளத்து ஆமையின் அடிப்பக்கத்தில் பின்னங்காலை மூடும் மடல் இருந்தால் பால் ஆமை. முதலைக்கு அணைக்கரைப் பக்கம், கொள்ளிடத்துக்குப் போக வேண்டும். பாலத்தின் மேலிருந்து பாருங்கள், தண்ணீரில் இறங்க வேண்டாம். முதலைக்கு நெருங்கிய உறவு பல்லி அல்ல, பறவை.

மிச்சமிருக்கும் வரிசையில் பல்லியும் பாம்பும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கேதான் நம் பேச்சு வழக்கு நம்மைத் தடுமாற வைக்கும். கட்டுவிரியன் என்று பெயர் இருந்தாலும் அது விரியன் குடும்பம் இல்லை. நல்ல பாம்பின் குடும்பம். நல்ல பாம்பைப் போலவே முட்டையிடும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும்தான் உண்மையான விரியன்கள், இரண்டும் குட்டி போடும். சாரையும் நாகமும் பிணையும் என்பதும் அப்படித்தான். இரண்டும் வேறு வேறு குடும்பம், சேராது. வரப்பில் முறுக்கிக்கொண்டு நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டுகிற இரண்டு ஆண் சாரைகள். அரணை கடித்தால் மரணம் என்பார்கள். அரணைக்கு விஷமே கிடையாது. செம்மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இருக்கும் ஜான் என்பவர் நம் தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மானிய மதபோதகர். இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உயிருள்ள பாம்பைப் பிடித்துப் பார்க்க வேண்டாம். அது உரித்த சட்டையே போதும். வைக்கோற்போர் அடியிலும் கரையான் புற்றோரத்திலும் கிடைக்கும். கிடைத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, வெள்ளைத்தாளில் மெதுவாக விரித்துவிடுங்கள். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கின்றனவா? வாலின் அடியில் உள்ள செதில்கள் இரண்டாகப் பிளக்காமல் ஒற்றையாக இருக்கின்றனவா? இரண்டுக்கும் ஆம் என்றால் கட்டுவிரியன். நடுவரிசை மற்ற வரிசைகளைப் போலவே இருந்து, வாலடிச் செதில்கள் ஜோடி ஜோடியாக இருந்தால் வெள்ளிக்கோல் வரையனாக இருக்கலாம், தண்ணீர்ப் பாம்பாகவும் இருக்கலாம். செதிலின் நடுவே வரம்புபோல மேடு தெரிந்தால் வரையன் இல்லை. தேதி, இடம், நீளம் எழுதி, காய்ந்ததும் நோட்டுக்குள் வையுங்கள்.

யாரையாவது கடித்துவிட்டால் வகை பிரிக்க உட்கார வேண்டாம். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். கட்டுவிரியன் கடி வலிக்காமலே போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்று யாராவது சொன்னால் தாமதிக்கவே கூடாது.

போன தையில் ஒரு சட்டையை என் கணவரே போரடியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். நனைத்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் இருவரும் பார்த்தோம். நடுவரிசை அறுகோணம், வாலடி ஒற்றை. அன்றிலிருந்து திண்ணையில் பாய் விரிப்பதை விட்டுவிட்டோம். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும்தான்.