கப்பல் மாதிரியின் உடலுக்கு எந்தப் பசை? நுவரெலியாக் குளிரில் நான் கற்றது

போன ஜனவரியில் ஒரே இரவில் பதினொரு பலகைகளை ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் விரலால் தட்டிப் பார்த்தால் ஏழு பலகைகள் அப்படியே கழன்று கையோடு வந்துவிட்டன. வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போன அன்னபூரணியைத்தான் சிறிதாகச் செய்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் அந்தப் பக்கமே போக மனம் வரவில்லை. ஏராவையும் (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டை) வங்குகளையும் (அதன் மேல் குறுக்கே நிற்கும் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) வெட்டி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகான ஒட்டு வேலையை மட்டும் சொல்கிறேன்.

1. ஏராவும் வங்குகளும்

இதற்கு வெள்ளை மரப்பசைதான். ஹார்ட்வெயார் கடையில் பைண்டர் கம் என்று கேட்டால் தருவார்கள். வங்கை மூலைமட்டம் வைத்து நேராக்க இந்தப் பசை அவகாசம் தரும், சூப்பர் குளூ பிடித்த பிறகு கோணலைத் திருத்தவே முடியாது. என் வங்குகள் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை. அதில் ஒட்டியிருக்கும் தாளையும் தூசியையும் சாண்ட்பேப்பரால் தேய்த்து எடுத்துவிடுங்கள். ஒட்டியதும் உடுப்புக் கிளிப் போட்டு ஒரு இரவு விடுங்கள்.

2. ஒட்டுவதற்கு முன் கண்ணாடிச் சோதனை

நான் சறுக்கிய இடம் இதுதான். கழன்ற பலகைகளின் அடியில் பசை சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளையாக இருந்தது. வெள்ளைப் பசை என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள்தான். தண்ணீர் வற்றும்போது அந்தத் துகள்கள் இளகி ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே படலமாக வேண்டும், குளிர் அதிகமானால் அவை இளகாமல் பொடியாகவே நின்றுவிடும். பல பசைகளுக்குச் சுமார் 10 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும். இங்கே ஜனவரி இரவில் அதற்கும் கீழே இறங்கிவிடும்.

அதனால் வேலை செய்யும் இடத்திலேயே ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லிய பூச்சாகத் தடவி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் தெளிவாகக் காய்ந்து, நகத்தால் உரித்தால் தோல் போல வந்தால் சரி. பொடியாக உதிர்ந்தால் அந்த இடம் உதவாது. பசையை மட்டும் சூடாக்கிப் பயனில்லை, மரமும் சூடாக இருக்க வேண்டும், காய்ந்து முடியும்வரை அந்தச் சூடு நிற்கவும் வேண்டும். நான் இப்போது இஸ்தோப்பை (முன் விறாந்தையை) விட்டு அடுப்படிக்கு மாறிவிட்டேன். அடுப்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி வையுங்கள், நெருங்கினால் பலகை சுருங்கி இடைவெளி விழும். ஏற்கனவே பொடிந்த பசையின் மேல் புதுப் பசை பூசாதீர்கள். மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் பூச வேண்டும்.

3. பலகை ஒட்டுதல்

முனைப் பக்கம் வளைய வேண்டிய பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, வளைத்துக் கட்டி, நன்றாக உலர்ந்த பிறகே ஒட்டுங்கள். வங்கிலும் பக்கத்துப் பலகையின் ஓரத்திலும் வெள்ளைப் பசையை மெல்லிதாகப் பூசி, மூன்று வங்குக்கு ஒரு இடத்தில் மட்டும் கெட்டியான, ஓடாத வகை சூப்பர் குளூ ஒரு சொட்டு. அது கிளிப்பின் வேலையைச் செய்யும், உண்மையான பிடிப்பு வெள்ளைப் பசையுடையது. உடல் முழுவதையும் சூப்பர் குளூவில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது காற்றின் ஈரத்தால் இறுகும் பசை, மூடுபனி நாளில் கைக்கு முந்திப் பிடித்துவிடுகிறது, சுற்றிலும் வெள்ளைப் பூப்பும் படிகிறது, கீழே விழுந்தால் ஒட்டு உடைந்தும் போகிறது. குளிருக்கு ஜன்னலை மூடிக்கொண்டு வேலை செய்தால் ஆவி கண்ணையும் எரிக்கும்.

செருப்புக்குப் போடும் மஞ்சள் பசை வேண்டவே வேண்டாம். வளைந்த பலகை மெதுவாக இழுத்து நகர்ந்துவிடும், ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

4. எபொக்சி

இரண்டு பாகமாக வந்து, கலந்தால் இறுகும் பசை இது. சுக்கான் கீல் போன்ற உலோகப் பாகங்களுக்கு ஏற்றது. இங்குள்ள கிரெகரி ஏரியில் மிதக்கவிடும் எண்ணம் இருந்தால் உடலின் உட்புறத்துக்கும் ஒரு பூச்சு. ஐந்து நிமிட வகையை விட மெதுவாக இறுகும் வகைதான் தண்ணீரைத் தாங்கும். இரண்டு பாகத்தையும் பெட்டியில் சொன்ன விகிதத்தில் அளந்தே கலக்குங்கள். குளிரும் ஈரமுமான நாளில் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் வரலாம், அதை முதலில் தண்ணீரால் கழுவிவிட்டுப் பிறகு தேயுங்கள். முதலே தேய்த்தால் அது உள்ளே இறங்கி, அடுத்த பூச்சு பிடிக்காது.

பிறகு சேர்த்தது: பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி, திறந்த சூப்பர் குளூ கட்டியாகிவிடுகிறது என்று எழுதியிருந்தார். மூடியை இறுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் தம்பி. வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று: வார்னிஷ் திட்டுத் திட்டாக வருகிறது என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். அது வெளியே பிதுங்கிக் காய்ந்த பசை. ஈரமாக இருக்கும்போதே நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் கூரான பிளேடால் சீவி எடுங்கள். சரியாகப் போய்விட்டதா என்று தெரிய ஈரத்துணியால் ஒரு முறை தடவிப் பாருங்கள். பசை இருக்கும் இடம் மட்டும் நிறம் மாறாமல் வெளிறி நிற்கும்.