பிள்ளையை நூலகரிடம் ஒப்படைப்பது எப்படி?

எங்கள் ஊர் கோவை மாவட்டத்துச் சோமனூர் பக்கம். வீட்டிலேயே நான்கு விசைத்தறி ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தறிக்கு வேண்டிய ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது என் வேலை. அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்த என்னைப் படிக்க வைத்தவர் ஊர்ப்புற நூலகத்து ஐயா. இன்று என் மகளையும் வீதிப் பொடுசுகள் ஐந்தாறு பேரையும் சனிக்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குக் கூட்டிப் போகிறேன். "எப்படிங்க்கா கூப்பிட்டதும் கிளம்புதுங்க?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புத்தகத்தைத் தேடுவதற்கு முன்னால் நூலகரோடு பழகுங்கள். முதல் தடவை பிள்ளை இல்லாமல் தனியாகப் போங்கள். காலையில் பேப்பர் படிக்கும் பெரியவர்களும் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்களும் மேசைகளை நிறைத்திருப்பார்கள். கூட்டம் குறைகிற நேரம் எது, சிறுவர் அலமாரி எங்கே, பிள்ளையின் கைக்கு எட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் பெயரையும் அதற்கு எதில் பித்து என்பதையும் நூலகரிடம் சொல்லி வையுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

என் மகளுக்கு மாட்டின் மேல் பித்து. காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பாக இருந்துவிட்டு ஆறு மாதத்தில் ஏன் சாம்பல் நிறத்துக்கு மாறுகிறது என்று அவள் அப்பாருவை, அதாவது தாத்தாவை, நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அதை நூலகரம்மாவிடம் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் வாசலில் கால் வைத்ததுமே, "வா கண்ணு, கன்னுக்குட்டிக்காரி நீதானா?" என்று கேட்டு, எடுத்து வைத்திருந்த கால்நடைப் புத்தகத்தை நீட்டினார். பெரியவர்களுக்கு எழுதியது, பாதி புரியவில்லை. படம் பார்ப்பதற்காகவே அதை மூன்று தடவை எடுத்து வந்தாள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதி வைத்தார். அன்று அதை என் கண்ணால் பார்த்தேன்.

உறுப்பினர் அட்டையைப் பிள்ளை பெயரிலேயே எடுங்கள். காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா இரண்டும் சிறு தொகைதான். என்ன சான்று வேண்டும் என்பதை அங்கேயே சொல்வார்கள். பணத்தைப் பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அட்டை புத்தகப் பையின் ஜிப் அறையிலேயே இருக்கட்டும்.

உள்ளே போனதும் நீங்கள் இரண்டு எட்டு தள்ளி நில்லுங்கள். வேண்டியதைப் பிள்ளையே வாய் திறந்து கேட்கட்டும். நாக்கு குழறினாலும் நடுவில் புகுந்து சொல்லித் தராதீர்கள். படக்கதையை எடுத்தால் பிடுங்காதீர்கள், ஒன்பதாவது தடவையாக அதையே எடுத்தாலும் சரி. பாதியில் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் குற்றமில்லை. வீட்டுக்கு வந்ததும் "என்ன கத்துக்கிட்ட, சுருக்கமா எழுதிக் காட்டு" என்று உட்கார வைத்தீர்களானால் அடுத்த சனிக்கிழமை வயிற்றுவலி வரும்.

தறிக்காரர் வீடுகளில் ஒரு கூச்சம் உண்டு. என் அம்மா நூலக வாசலோடு நின்றுவிடுவார், உள்ளே படித்தவர்கள் உட்காரும் இடமாம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும். 1948-ல் ரங்கநாதன் பாடுபட்டு சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தால் ஏற்பட்டது அது. இப்போது சொத்து வரி நூறு ரூபாய் என்றால் நூலகத்துக்குப் பத்து ரூபாய். நாம் கட்டுகிற காசில் நடக்கும் இடத்துக்குள் செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து போகலாம். சிறுவர் புத்தகம் போதவில்லை என்று உரிமையோடு கேட்கலாம்.

புத்தகத்துக்குச் சேதம் வந்தால் பிள்ளை பயப்படும். அஞ்சாம் வகுப்பில் எனக்கு அது நடந்தது. தறிக்குப் பக்கத்தில் வைத்து வாசித்ததில் எண்ணெய் கொட்டி நாற்பது பக்கத்துக்குக் கறை. மூன்று வாரம் நூலகம் இருந்த வீதியையே சுற்றிப் போனேன். பிறகு அம்மாவைப் பெற்ற அப்பிச்சிதான் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். ஐயா திட்டவில்லை. சாக்பீஸைப் பொடித்துக் கறைமேல் தூவி, மேலே ஒரு கனமான அகராதியைத் தூக்கி வைத்தார். "எந்தப் பக்கம் வரைக்கும் வந்த கண்ணு?" என்றார். சொன்னேன். மறுநாள் பொடியைத் தட்டிவிட்டு, அதே புத்தகத்துக்குப் புதுத் தேதி முத்திரை குத்தி என் கையிலேயே கொடுத்தார். அவர் அன்று அதட்டியிருந்தால் நான் திரும்பப் போயிருக்க மாட்டேன். அதனால் சேதத்தை மறைக்காமல் பிள்ளையோடு நீங்களும் போங்கள். கிழிந்த பக்கத்தை நீங்களாக செல்லோடேப் போட்டு ஒட்டாதீர்கள். அது நாளடைவில் மஞ்சளித்துத் தாளையே கெடுக்கும்.

ஐயா ஓய்வுபெற்று வெகுகாலம் ஆகிறது. சந்தையில் பார்த்தால் இன்றும் என் காய்ப் பையை எட்டிப் பார்த்து, "இப்ப எந்தப் பக்கத்துல நிக்கற?" என்றுதான் கேட்கிறார். மகளிடம் நானும் அதை மட்டும்தான் கேட்கிறேன்.

போன வருஷம் அவள் காதுகுத்துக்கு வந்த மொய்ப்பணத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேர்ந்தோம். ரசீதை அவள் கையில்தான் கொடுத்தார்கள். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, சிறுவர் அலமாரிக்கு இன்னும் இரண்டு மாட்டுப் புத்தகம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நூலகரம்மா மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.