வெளிக்கூண்டில் விட்ட கோழிக்குஞ்சுகளுக்கு இன்னும் விளக்குச் சூடு தேவையா?

குஞ்சுகளுக்கு விளக்கை எப்போது எடுக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் வாரக்கணக்கைத்தான் சொல்வார்கள். முதல் வாரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ், அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி குறைவு, 21 டிகிரியை எட்டியதும் நிறுத்தம் என்பது அந்தக் கணக்கு. அறைக்குள் வளரும் குஞ்சுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். காற்றும் ஈரமும் படும் வெளிக்கூண்டில் அதை மட்டும் நம்புவது சரியாகாது. அங்கே குஞ்சின் இறகையும் இரவின் குளிரையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொரித்து வந்த குஞ்சின் உடலை மூடியிருப்பது மெல்லிய தூவி மட்டுமே. உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறனும் முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகத்தான் கைகூடுகிறது. இறகு முதலில் இறக்கையிலும் வாலிலும் முளைப்பதால், மூன்று வாரக் குஞ்சு பார்வைக்குத் தேறிவிட்டதைப் போலத் தோன்றும். அதைக் கையில் எடுத்து, கழுத்து, மார்பு, முதுகு ஆகிய இடங்களை விரலால் விலக்கிப் பாருங்கள். அங்கெல்லாம் தூவியே மிகுந்திருந்தால் சூடு இன்னும் தேவை. இறகு நெருக்கமாக மூடியிருந்தால் விளக்கை எடுப்பது குறித்து யோசிக்கலாம். பொதுவாக இந்த நிலையை எட்ட ஆறு வாரம் ஆகும். குட்டை இனங்களின் குஞ்சுகள் உடல் சிறுத்தவை என்பதால் வெப்பத்தை விரைவில் இழக்கும். அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் காலம் கொடுப்பது நல்லது.

அடுத்து இரவைக் கவனிக்க வேண்டும். பகல் வெயிலில் குஞ்சுகள் உற்சாகமாக மேய்வதை வைத்து இரவுக்கும் சூடு வேண்டாம் என்று முடிவு கட்டுவதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. வெப்பநிலை பொதுவாக மிகத் தாழ்வது விடியலை ஒட்டி. எனவே, இரவின் குறைந்த அளவைப் பதிந்து வைக்கும் வெப்பமானியை, கூண்டின் சுவரில் உயரே மாட்டாமல், குஞ்சின் முதுகு மட்டத்தில் வையுங்கள். அது காட்டும் எண் நன்றாக இருந்தாலும், தரையோடு காற்று வீசினாலோ படுக்கை நனைந்திருந்தாலோ குஞ்சுக்குக் குளிரத்தான் செய்யும். அப்படிப்பட்ட கூண்டில் விளக்கின் திறனைக் கூட்டுவதைவிட, காற்று நுழையும் கீழ்ப்பகுதியை அடைத்து, ஈரக் காற்று வெளியேற மேலே இடைவெளி விட்டு, காய்ந்த மரத்தூளைக் கனமாகப் பரப்புவதே முதல் வேலை.

கடைசித் தீர்ப்பைக் குஞ்சுகளே சொல்லும். இருட்டிய பின் ஓசையின்றிச் சென்று பாருங்கள். பரவலாகவும் தளர்வாகவும் படுத்து, மெல்லிய முனகலோடு இருந்தால் சூடு போதுமானது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூலையில் நெருக்கியடித்துக்கொண்டு, கீச்சென்று ஓயாமல் கூவினால் குளிருகிறது என்று பொருள்; அடியில் சிக்கிய குஞ்சு மூச்சுத் திணறி இறக்கக்கூடும் என்பதால் அன்றே சூடு கொடுக்க வேண்டும். அலகைத் திறந்து இரைத்துக்கொண்டு, இறக்கையை விரித்து, விளக்கை விட்டு விலகி ஒதுங்கினால் சூடு மிகுந்துவிட்டது. ஐயமிருந்தால் ஒரு குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். அது சில்லிட்டிருந்தால் குளிருகிறது என்று கொள்ளலாம்.

விளக்கை ஒரேயடியாக எடுத்துவிட வேண்டாம். முதலில் வெயில் நேரத்தில் மட்டும் அணையுங்கள். சில நாள் அது ஒத்துக்கொண்டால், குளிர் குறைந்த இரவுகளிலும் அணைத்துப் பாருங்கள். சூடு இருக்கும்வரை அதைக் கூண்டின் ஒரு ஓரத்தில் மட்டும் வைத்தால், வேண்டிய குஞ்சு நெருங்கவும் வேண்டாதது விலகவும் வழியிருக்கும். விளக்கை மின்கம்பியிலேயே தொங்கவிடாமல் சங்கிலியால் தனியே கட்டுங்கள். காய்ந்த படுக்கைமேல் விழுந்தால் கூண்டே தீப்பற்றிவிடும். குஞ்சுகளை அணைத்துக்கொள்ளும் தாய்க்கோழி இருந்தால் பெரும்பாலும் இந்தப் பாடு எதுவும் தேவைப்படாது.

சூடு தேவையில்லை என்று முடிவான பின்னும் விளக்கை ஓரிரு வாரம் மாட்டியே வைத்திருங்கள். மழையில் தொப்பலாக நனைந்த குஞ்சுக்குத் தூவியும் இளம் இறகும் குளிரைத் தடுக்காது. வயது எதுவாயினும் அதைத் துணியால் ஒற்றித் துடைத்து, முழுதும் உலரும்வரை விளக்கருகே வைக்க வேண்டும்.